தோத்திரம் சாமி

லேகாவுக்கு வாய் தவறியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இரண்டே இரண்டு சொல். ஆனால் மாங்கோட்டுவிளை வார்டில் அன்று காலை கண் விழித்தவர்களெல்லாம் பல் தேய்க்கும் முன்பே அந்த இரண்டு சொல்லையும் ஃபோனில் கேட்டு முடித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம், மண்டையைப் பிளக்கும் வெயிலில், லேகா வீடு வீடாக ஏறி இறங்கிப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குக் கீழ்ப்பக்கம் வரிசையாகக் கிறிஸ்தவ வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் கைகூப்பி, "தோத்திரம்" என்றாள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில், மாமியாரைப் பார்க்க வருகிற போதகரிடமும் சர்ச் சங்கத்துப் பெண்களிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அது.

வரிசை முடிந்து வளைவு திரும்பினால் ஆட்டோ ஓட்டும் ஷிபுவின் வீடு. ஷிபு சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் வாசலில் நிற்கிறான். மாலை போட்டவனைக் கண்டால் "சாமி சரணம்" என்று சொல்ல வேண்டும். அதை லேகாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறந்த வீட்டுப் பழக்கம். ஆனால் தொண்டை வறண்டு கிடந்தது. காலையிலிருந்து சொல்லி வந்த சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைக் கூப்பினாள்.

"தோத்திரம் சாமி."

முதலில் சிரித்தது ஷிபுதான். "சரணம் சேச்சி, தோத்திரம் சேச்சி, ரெண்டும் இருக்கட்டு" என்று அவன் சொல்ல, கூட வந்தவர்கள் சிரிக்க, லேகாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் யாருடைய கையிலோ ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் பக்கத்து வாட்ஸ்அப் குழுவில், மாலை போட்ட சாமிக்குத் தோத்திரமா, இந்துவின் விரதம் இவளுக்குக் கேலியா என்று மலையாளத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். சர்ச் பக்கத்துக் குழுவில் அதே வீடியோ, அதே சிரிப்பு, எழுத்து மட்டும் வேறு: கர்த்தருக்குரிய தோத்திரத்தை இவள் யாருக்குக் கொடுக்கிறாள், பாருங்கள். ஷிபு சொன்ன பதிலை இரண்டு பேருமே வெட்டியெடுத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரிலிருந்து திருவிழா மைக் வரை எந்தக் காரியத்திலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு கூட்டமும், லேகா வேண்டாம் என்பதில் மட்டும் அன்று காலை ஒத்துப்போய்விட்டது.

கட்சி அவளை நிறுத்தியதே அவளுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதால்தான். பாறசாலைக்கும் பொழியூருக்கும் நடுவில், கேரள எல்லைக்குள் கிடக்கும் இந்த வார்டில் பாதி ஓட்டு தேவி கோயிலைச் சுற்றி, பாதி ஓட்டு சர்ச்சைச் சுற்றி. லேகா கோயிலடியில் பரமசிவனின் மகளாகப் பிறந்து, சர்ச்சடியில் புஷ்பபாயின் மகன் ஜிஜினைக் கட்டிக்கொண்டவள். ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாங்கச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்து ஓட்டும் விழும் என்று கணக்குப் போட்டுக் குடைச் சின்னத்தைக் கையில் கொடுத்தார்கள்.

எதிரே நின்ற இரண்டு பேருக்கும் இப்படிச் சிக்கல் ஒன்றும் இல்லை. ரேஷ்மி கோயில் கமிட்டி செயலாளர் உண்ணியின் மனைவி. ஜின்சி சர்ச் கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி. எந்த வாசலில் எந்தச் சொல் என்று அவர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை.

லேகாவும் சும்மா வந்தவள் இல்லை. பெண்கள் குழுவின் தலைவியாக இந்த வார்டில் எத்தனையோ பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கூடப் போனவள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பென்ஷன் வரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்க நினைத்தாள். ஆனால் வாசலுக்கு வாசல் ஜனங்கள் கேட்டது ஒரே கேள்வி. "நீ இப்ப எதிலயாக்கும், பிள்ளே?"

இத்தனையிலும் அவளுக்கு ஒரு பெரிய வரவு இருந்தது. போன வாரம் பரமசிவன் வந்தார். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு முகம் கொடுக்காத மனிதர் புஷ்பபாயின் வீட்டுப் படியேறி, கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவை நின்றபடியே குடித்துவிட்டு, "நாளைக்கு அம்பலத்துப் பக்கம் நான் கூட வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கோயில் பக்கத்துக்கு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் முன்னால் நின்று, "எனக்க மவளாக்கும்" என்றார்.

முதல் வாசலில் அதைக் கேட்டபோது லேகா சொல்ல வந்த ஓட்டுப் பேச்சையே மறந்துபோனாள். தேர்தல் எக்கேடும் கெடட்டும், இது ஒன்று கிடைத்தது போதும் என்று இருந்தது. அப்பாவை இனி விட்டுவிடக் கூடாது. அவளுக்கு அன்றிலிருந்து வேண்டியிருந்தது பஞ்சாயத்து நாற்காலி இல்லை, இதுதான்.

இன்று பிரசாரத்தின் கடைசி நாள். சாயங்காலம் கவலையில், அதாவது நாலு ரோடு கூடும் முக்கில், கொட்டிக்கலாசம். எல்லாக் கட்சியும் ஒரே இடத்தில் கூடி, கொட்டு கொட்டி, கொடி ஆட்டி, ஆறு மணிக்கு வாயை மூடிக்கொள்வார்கள். நாளைக்கு மௌனம். மறுநாள் ஓட்டு.

புஷ்பபாய் அடுக்களையில் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தாள். வீடியோவை அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் விடிந்ததிலிருந்து ஃபோன் பண்ணி வார்த்தை தவறாமல் ஒப்பித்திருந்தார்கள்.

"போதகர் வரும்போ தோத்திரம் சொல்லணும் எண்ணு நானாக்கும் உன்னய படிப்பிச்சது" என்றாள் மாவிலிருந்து கையை எடுக்காமல். "நான் படிப்பிச்சது இப்பம் உனக்குக் கெடுதலாப் போச்சு, மக்களே."

"எனக்க வாயில வந்த தெத்துக்கு மாமி என்ன செய்வியோ" என்றாள் லேகா.

இவளைப் போல ஒரு மாமியார் கிடைக்க லேகா என்ன தவம் செய்தாளோ தெரியாது. ஜிஜின் மஸ்கட்டுக்குப் போன பிறகு இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். விளக்கு ஏற்றும் நேரத்தில் லேகா தன் அறையில் ஒரு சின்ன விளக்கு ஏற்றுவாள். அதே நேரத்தில் புஷ்பபாய் முன்னறையில் ஜெபத்துக்கு முட்டுக்குத்துவாள். ஏற்றி முடித்துவிட்டு லேகாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஜெபத்தின் கடைசியில் புஷ்பபாய், "எனக்க மூணு மக்களையும், ஜிஜினையும் ரெஜிலாவையும் லேகாவையும், காத்துக்கொள்ளும்" என்பாள். வயிற்றில் பிறந்தது ஜிஜினும் ரெஜிலாவும் மட்டும்தான். மூணு என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மாதம் சங்கக் கூட்டத்தில், முழுக்கு வாங்காதவளுக்கு நாம் எப்படி ஓட்டுப் போடுவது என்று யாரோ ஆரம்பித்தபோது புஷ்பபாய் எழுந்து நின்று பேசியதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்னை ஆஸ்பத்திரியில் தூக்கிப் படுக்க வைத்தவள் எந்தத் தண்ணீரில் முழுகினாள் என்று நான் பார்க்கவில்லை என்று அவள் சொன்ன பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இன்றைக்கு ஜீப் சர்ச்சைத் தாண்டும்போது, கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நிற்கலாம் என்று சில பெண்கள் சம்மதித்ததும் அந்தப் பேச்சின் பலன்தான். வீடியோ வந்த பிறகும் காலையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, மறந்துவிடாதீர்கள் என்று புஷ்பபாய் கெஞ்சியிருந்தாள்.

புட்டு வெந்து இறங்குவதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கட்சியின் வார்டு செயலாளர் பொன்னுதாஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்ச், மற்ற ஆறு நாளும் கட்சி ஆபீசில் முதல் பெஞ்ச் என்று வாழ்கிற மனிதர். வரும்போதே வாசலில் தொங்கிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"அம்மச்சி, இந்த ஸ்டாரை ஒரு ரெண்டு நாள் எடுத்து உள்ள வைக்கப்பிடாதா? கேண்டிடேட்டுக்க வீடாக்கும் இது."

டிசம்பர் ஒன்றாம் தேதி நட்சத்திரம் தொங்கவிடுவது அந்த வீட்டில் ஜிஜின் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

"ஏசு பிறக்கதுக்கு உனக்க கட்சியில அனுவாதம் கேக்கணுமோ?" என்று புஷ்பபாய் கேட்டாள். பொன்னுதாஸ் அதற்கு மேல் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. புட்டும் பயறும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே காரியத்துக்கு வந்தார்.

"லேகா பிள்ளே, நான் இருபது வருசமா எலக்ஷன் பாக்குதேன். பிடிச்சவனுக்கு வோட்டு குத்த எவனும் வெயில்ல நிக்க மாட்டான். ஆரையாவது பிடிக்காதவன்தான் பூத்துக்கு வருவான். உனக்கு இம்புட்டு நாள் வோட்டு எங்கன இருந்து வந்துது? உண்ணியைப் பிடிக்காதவன் தந்தான். ஜின்சிக்க மாப்பிளையைப் பிடிக்காதவன் தந்தான். இந்த வீடியோ வந்த பிறவு உன்னயே பிடிக்காமப் போச்சு. அதாக்கும் கேடு."

சர்ச் பக்கம் இனித் தேறாது, கோயில் பக்கத்தையாவது பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்கு வழியும் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் ஜீப் கோயில் முன்னால் நிற்கும். பரமசிவன் இலையில் சந்தனத்தோடு வருவார். எல்லாரும் பார்க்க மகளின் நெற்றியில் தொட்டு வைப்பார். அவ்வளவுதான். நாளைக் காலைக்குள் அந்தப் படம் இந்த வீடியோவை முழுங்கிவிடும்.

மதத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது சட்டப்படி குற்றமில்லையா என்று லேகா கேட்டாள். மதிலுக்கு உள்ளே இல்லை, ரோட்டில்தான், அப்பன் மகளுக்குச் சந்தனம் வைத்தால் எந்த அதிகாரி என்ன கேட்பான் என்றார் பொன்னுதாஸ்.

"அப்பா இதுக்கு சம்மதிச்சாரா, அண்ணா?"

"சம்மதிக்கதா? காலத்த என்னய விளிச்சு இதைப் பறஞ்சதே அவராக்கும்."

 லேகாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஓட்டுக்காக நெற்றியை நீட்டுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்பாவின் விரல் அல்லவா. ஊரறிய ஒதுக்கியவர் ஊரறியத் தொட வருகிறார். அதை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

பொன்னுதாஸ் போனதும் அடுக்களைக்குப் போய் நின்றாள். புஷ்பபாய்க்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"போ, மக்களே. அப்பன் விளிச்சா போவண்டாமா?" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் செய்யணும். சர்ச்சுக்க நடை வரும்போ அது நெத்தியில இருக்கண்டாம். வளைவு திரும்பும்போ ஒண்ணு துடைச்சுப் போடு. அந்தப் பெண்ணுங்களை நான் விளிச்சு நிப்பாட்டியிருக்கேன். எனக்க வாக்கு நம்பி வருதாவ."

"துடைச்சிடுதேன், மாமி. சத்தியமா" என்றாள் லேகா.

கஷ்டமான காரியம் ஒன்றும் இல்லை. முந்தானையின் ஒரு நுனி போதும்.

கோயில் முன்னால் ஜீப் வந்தபோது நாலரை இருக்கும். நாசிக் டோல் மேளம் அடிக்கிற பையன்கள் அடித்த அடியில் ஆலமரத்துக் காக்கைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் ரேஷ்மியின் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் உண்ணி கைகட்டிக்கொண்டு நின்றார். மதிலோரம் எங்கும் கறுப்பு வேட்டிகள். ஷிபு கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். நேற்றுச் சிரித்த முகம் இன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனையும் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருப்பார்கள்.

பரமசிவன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் வாழையிலைத் துண்டு. பொன்னுதாஸ் கையைக் காட்ட டோல் நின்றது. அந்த நிசப்தத்தில் பரமசிவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலைப் பார்த்தும் இல்லாமல் மகளைப் பார்த்தும் இல்லாமல், எதிர்ப்பக்கம் பார்த்து உரக்கச் சொன்னார்.

"இது எனக்க மவளாக்கும். பரமசிவனுக்க மவ. இவ எங்கயும் போவல்ல."

விரல் நெற்றியில் பட்டது. சந்தனம் குளிர்ந்தது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தோறும் இதே விரல், இதே குளிர்ச்சி. லேகா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நாலாபக்கமும் ஃபோன்கள் உயர்ந்தன. டோல் மறுபடி ஆரம்பித்தது. கூட்டத்தில் கைதட்டல் கேட்டது. தட்டாதவர்களும் இருந்தார்கள்.

யாரும் சொல்லாமலே பரமசிவன் ஜீப்பில் ஏறி மகள் பக்கத்தில் நின்றுகொண்டார். கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை அவளுடைய கையோடு உரசியது. லேகாவுக்கு உலகமே கிடைத்த மாதிரி இருந்தது.

ஜீப் மெதுவாக ஊர்ந்தது. சர்ச் வளைவு தூரத்தில் தெரிந்ததும் லேகாவுக்கு மாமியிடம் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள்.

"அழிக்காத" என்றார் பரமசிவன்.

"சர்ச் வருது, அப்பா. அங்கன மாமி நிக்குதாவ."

"நிக்கட்டு. உண்ணிக்க வண்டி பின்னால வருது. கவலை வரைக்கும் அவன் இதைப் பாத்துக்கிட்டே வரணும்."

லேகா கையை இறக்கவில்லை. அப்பா ஏன் உண்ணியையே பேசுகிறார் என்று மனதுக்குள் ஏதோ இடறியது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள்.

"அப்பா, நான் ஜெயிப்பேனா?"

பரமசிவன் பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்திச் சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னார்.

"நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளே. உண்ணி கெட்டினவ ஜெயிக்கப்பிடாது. அம்பல கமிட்டியில நான் இருந்த கசேரியைப் பிடிச்சு இழுத்தவனாக்கும் அவன். மவ சர்ச்சுக்குப் போனவன் இங்க இருக்கண்டாம் எண்ணு நாலு பேரு முன்ன பறஞ்சான். இன்னு அவனுக்கு முன்ன உனக்க நெத்தியில தொட்டாச்சு. இனி அவன் ஒண்ணும் பறைய முடியாது."

டோல் சத்தத்தில் சில சொற்கள் கரைந்தன. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டது.

"எலக்ஷன் கழிஞ்சா, அப்பா?"

பரமசிவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. உண்மையிலேயே விளங்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கழிஞ்சா என்ன? உனக்க வீடு அங்க, எனக்க வீடு இங்க."

உண்ணியைப் பிடிக்காதவன் தந்தான் என்று காலையில் புட்டு தின்றுகொண்டே பொன்னுதாஸ் சொன்னபோது, அந்தக் கணக்கில் தன் அப்பாவும் உண்டு என்று அவள் நினைக்கவில்லை. எனக்க மவ, எனக்க மவ என்று வாசலுக்கு வாசல் சொன்னதெல்லாம் உண்ணியின் காதுக்காக. போன வாரம் படியேறி வந்து குடித்த கட்டன்சாயாவும் உண்ணிக்காகத்தான். லேகாவுக்கு அழுகை வரவில்லை. கையில் பிடித்த முந்தானையோடு அப்படியே நின்றாள்.

ஜீப் வளைவு திரும்பியதை அவள் கவனிக்கவில்லை.

சர்ச் கேட்டுக்கு வெளியே எட்டுப் பத்துப் பெண்கள் குடை விரித்து நின்றார்கள். பூப்போட்ட குடை, மடக்குக் குடை, மழைக்கு மட்டும் வெளியே வருகிற பெரிய குடை. முன்னால் தன் பழைய கறுப்புக் குடையோடு புஷ்பபாய். ஜீப்பைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தப் போனாள்.

அந்த இடத்தில்தான் லேகா தலை நிமிர்ந்தாள். சாயங்கால வெயில் நேரே அவள் நெற்றியில் விழுந்தது.

பின்வரிசையில் ஒருத்தி குடையை மடக்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்துவிட்டு மடக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக.  லேகாவின் கை அப்போதுதான் நெற்றிக்குப் போனது. அவசரத்தில் துடைத்ததில் சந்தனம் புருவம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்ததே ஒழியப் போகவில்லை.

புஷ்பபாய் குடையை மடக்கவில்லை. கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். முகம் தெரியவில்லை. ஜீப் தாண்டிப் போகும் வரை அப்படியே நின்றாள்.

கவலையில் கொட்டிக்கலாசம் பிரமாதமாக நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று கட்சிக் கொடிகளும் ஒன்றோடொன்று மோதின, வர்ணப் பொடி பறந்தது, ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆறு மணிக்குப் போலீஸ்காரர் கையைக் காட்ட, மூன்று மைக்கும் ஒரே நேரத்தில் நின்றன. பரமசிவன் ஜீப்பிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து உண்ணியின் முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார். உண்ணி பதில் சொல்லவில்லை. அந்தத் திருப்தியோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மகளிடம் போய்வருகிறேன் என்று சொல்ல அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பொன்னுதாஸ் கூட்டிக் கழித்துப் பார்த்தார். சர்ச் பக்கம் போய்விட்டது. கோயில் பக்கமும் முழுதாக வரவில்லை. கறுப்பு வேட்டிக்காரர்கள், ஓட்டுக்காகப் பூசிய சந்தனம் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்களாம். எதற்கும் ஜின்சியின் மாப்பிளையைப் பிடிக்காதவர்கள் கொஞ்சம் பேர் உண்டு, பார்ப்போம் என்றார். லேகா சரி என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஞ்சாயத்துக் குழாயில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இனிக் கழுவி என்ன?

கேட்டைத் திறந்தபோது வாசல் இருட்டாக இருந்தது. எப்போதும் தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு வெளிச்சம் இல்லை. நட்சத்திரம் தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது.

புஷ்பபாய் முன்னறையில் ஒரு துணிப்பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் மடங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் மேசை மேல் கிடந்தது.

"எடுத்து வச்சிட்டேன், மக்களே" என்றாள். "உனக்கு எடஞ்சலா இருக்கண்டாம்."

"மாமி, நான் துடைக்கப் போனேன். அப்பா..."  அப்பா சொன்னதை எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் தன் நெற்றிக்கு மன்னிப்புக் கிடைக்குமா? கிடைத்தாலும் அந்தப் பெண்கள் முன்னால் மாமி குனிந்த தலை நிமிருமா?

"அப்பன் பறஞ்சா கேக்கணும். அதில தெத்து ஒண்ணும் இல்ல" என்றாள் புஷ்பபாய். கோபமாகச் சொல்லியிருந்தால் லேகா காலில் விழுந்திருப்பாள். "நாளைக்குக் காலத்த ரெஜிலா வண்டி கொண்டு வருவா. எலக்ஷன் கழியும் வரை நெய்யாற்றங்கரையில அவளுக்க கூட நிக்குதேன். இங்கன இருந்தா ஆளுவ வந்து கேப்பாவ. பதில் சொல்ல எனக்கு வயசில்ல."

"உங்க வோட்டு இங்கயில்லியா, மாமி?"

புஷ்பபாய் பையின் காதை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அந்தப் பொன்னுதாசு காலத்த சொன்னானே, ஆரையாவது பிடிக்காதவன்தான் பூத்துக்கு வருவான் எண்ணு. எனக்குப் பிடிக்காத ஆளு ஆருமில்ல, மக்களே. பின்ன நான் அங்க போயி என்ன செய்ய?"

 உனக்காக வருகிறேன் என்று சொல்ல இந்த வார்டிலேயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள் என்பது லேகாவுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. வேறு யாரையும் வேண்டாம் என்பதற்காக இல்லாமல், லேகா வேண்டும் என்பதற்காக விழ இருந்த ஓட்டு அது ஒன்றுதான்.

அறைக்குப் போனாள். விளக்கை ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தவள் ஏற்றாமல் வைத்துவிட்டாள். மேசை மேல் ஃபோன் அதிர்ந்தது. மஸ்கட்டிலிருந்து ஜிஜின். வீடியோவைப் பார்த்திருப்பான், இல்லாவிட்டால் சந்தனப் படத்தைப் பார்த்திருப்பான். அம்மாவிடம் ஃபோனைக் கொடு என்பான். அது அதிர்ந்து அதிர்ந்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் ஜெபம் ஆரம்பித்தது. வழக்கமாக அதற்கு முன்னால் "மக்களே, வா" என்று ஒரு குரல் வரும். இன்று வரவில்லை. லேகா கதவருகே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மழைக்கு நன்றி, மீனுக்குப் போனவர்களுக்குக் காவல், நோயாளிகளுக்குச் சுகம் என்று ஜெபம் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. பெயர்கள் வரும் இடம் வந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க ரெண்டு மக்களையும், ஜிஜினையும் ரெஜிலாவையும், காத்துக்கொள்ளும், கர்த்தாவே."

 பிறகு புஷ்பபாய், எல்லாரையும் ஒன்றாக நேசிக்கிறவளின் அதே சாந்தமான குரலில் தொடர்ந்தாள்.

"வோட்டுக்கு நிக்குத ரேஷ்மியையும், ஜின்சியையும், லேகாவையும் ஆசீர்வதியும்."